காகிதத்தில் 28 என்று இருக்கிறது. பழைய யுரேனியம் ஆலைக்கு அருகில் கிணற்று நீரை நம்பலாமா?

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் வீடு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குச் சொந்தக் கிணறு உண்டு. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஐம்பதுகளில் யுரேனியத் தாதுவை அரைத்துப் பிரித்த ஆலை இருந்திருக்கிறது. இன்று ஆலையும் இல்லை, கழிவுக் குவியலும் இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பி வேலிக்குள் புல்வெளியும், அதன் நடுவே கண்காணிப்புக் கிணறுகளின் எண் எழுதிய இரும்புக் குழாய்களும்தான் மிச்சம்.

விற்பவர் ஒரு பரிசோதனைத் தாளைக் கொடுத்திருக்கிறார். மிக அருகில் இருக்கும் கண்காணிப்புக் கிணற்றில் யுரேனியம் லிட்டருக்கு 28 மைக்ரோகிராம். அமெரிக்கக் குடிநீர் வரம்பு 30. "சுத்தமாகிவிட்டது, கவலை வேண்டாம்" என்கிறார். அண்ணனுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். 28 என்றால் சுத்தமா? குவியலையே அகற்றிய பிறகும் தண்ணீரில் யுரேனியம் ஏன் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிணற்றடி எழுதியது:

அம்மா, நான் இப்படிப்பட்ட கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையைப் பதினோரு ஆண்டுகள் செய்தவன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். அந்த 28 எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அப்போதுதான் அதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்பது புரியும்.

குழாயின் மூடியைத் திறந்ததும் முதலில் நாடாவை இறக்கி நீர்மட்டத்தை அளப்போம். பிறகு சிறு பம்பை மிக மெதுவாக ஓட விடுவோம். வேகமாக இறைத்தால் அடியில் இருக்கும் வண்டல் கலங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். வெளியே வரும் நீரை ஒரு கண்ணாடிக் கலத்தின் வழியே செலுத்தி, அமிலத்தன்மை, மின்கடத்தும் திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். தொடர்ந்து மூன்று முறை எண்கள் அசையாமல் நின்றால்தான், குழாயில் தேங்கிக் கிடந்த பழைய நீர் போய் நிலத்தின் நீர் வருகிறது என்று கொள்வோம். அதன்பின் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகப் பாட்டிலை நிரப்பி, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு மூடுவோம். அமிலம் விடாவிட்டால் யுரேனியத்தில் ஒரு பங்கு பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, ஆய்வகத்தில் குறைவாகக் காட்டும்.

அந்தப் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். பளிங்குபோல இருக்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை. 300 இருக்கும் கிணற்றின் நீரும் 3 இருக்கும் கிணற்றின் நீரும் கண்ணுக்கு ஒன்றேதான். அந்த வேலையில் எனக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

உங்கள் அண்ணனிடம் கேளுங்கள்: அந்த 28 எந்த மாதம் எடுத்தது? அப்போது நீர்மட்டம் எவ்வளவு? பக்கத்தில் மாசு நீரை இறைக்கும் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தனவா, நிறுத்தப்பட்டிருந்தனவா? அந்தக் கிணறு எந்த ஆழத்திலிருந்து நீர் எடுக்கிறது? இவை தெரியாமல் 28 என்பது வெறும் இரண்டு இலக்கம்.

தாதுமணல் எழுதியது:

குவியல் போன பிறகும் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நிலத்தடி வேதியியல் என் துறை.

சாயம் போகும் துணியை அலசியிருப்பீர்கள். நாலு வாளி மாற்றியதும் தண்ணீர் தெளிந்து வரும். சரி, சாயம் நின்றுவிட்டது என்று நினைத்து இரவு முழுக்க ஊறவைத்தால், காலையில் வாளி மறுபடி சிவந்திருக்கும். நிலத்தடியிலும் அதுதான் நடக்கிறது. ஆலை ஓடிய ஆண்டுகளில் அமிலமும் உப்பும் கலந்த கழிவு நீர் கசிந்து, கீழே உள்ள மணல், கூழாங்கல், களிமண் எல்லாவற்றிலும் யுரேனியத்தை ஏற்றிவிட்டது. மணற்பருக்கைகளின் மேல் துருபோலப் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடில் அது ஒட்டிக்கொள்கிறது. களிமண் அடுக்குகளுக்குள் நுழைந்து பதுங்கிக்கொள்கிறது. குவியலை அள்ளிவிடலாம். ஏறிய சாயத்தை யார் அள்ளுவது?

இன்னொன்று, யுரேனியத்துக்கு நிலத்தடியில் இரண்டு முகம் உண்டு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் +4 நிலையில் கல்லாகக் கிடக்கும், அசையாது. ஆக்சிஜன் பட்டதும் +6 நிலைக்கு மாறி யுரேனைல் அயனியாகக் கரைந்துவிடும். நீரில் பைகார்பனேட்டும் கால்சியமும் இருந்தால் அவை யுரேனைலோடு கைகோத்து, மண்ணில் ஒட்டாத கூட்டுச் சேர்மங்களாக மாற்றி, நீரோடு ஓட விடும். வறண்ட பகுதிகளின் கடின நீரில் இவை இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. ஆகவே ஓரிடத்தில் ஒட்டுவது, ஓரிடத்தில் கழன்று ஓடுவது, அடுத்த மழைக்கு மறுபடி ஒட்டுவது என்று அதன் பயணம் போகிறது. பம்பை வைத்து இறைத்தால் கூழாங்கல் வழியே வேகமாக ஓடும் நீர்தான் முதலில் வரும். களிமண்ணுக்குள் இருப்பது தன் விருப்பப்படி மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் எண் ஏறும். எங்கள் துறையில் இதை மீளெழுச்சி என்போம்.

வேந்தன் எழுதியது:

அப்படியானால் நேராகக் கேட்கிறேன். இத்தனை ஆண்டுகள் கோடிக்கணக்கான டாலரைச் செலவு செய்து என்ன கிழித்தார்கள்? நான் நீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளன். அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய கலத்தின் வழியே இந்த நீரை விட்டால் யுரேனியம் பிசினில் சிக்கிக்கொள்ளும், மறுபக்கம் நல்ல நீர் வரும். கார்பனேட்டோடு சேர்ந்த யுரேனியம் எதிர்மின் அயனி என்பதால் அதற்கேற்ற பிசின் அதைக் கவ்விப் பிடிக்கும். இது ஒன்றும் புதிய வித்தையில்லை. போதுமான பம்புகளை வைத்து, போதுமான காலம் இறைத்தால் முடிந்துவிடும். முடிக்க மனமில்லாதவர்கள்தான் "இயற்கைக் கழுவல்" என்று பெயர் சூட்டி நகர்கிறார்கள். மழையும் ஆறும் தானாகக் கழுவிக்கொள்ளும் என்பதற்கு அரசு விதியே 100 ஆண்டு வரை இடம் கொடுக்கிறது. 100 ஆண்டு! அதைக் கைவிடுதல் என்றே சொல்லலாம்.

நிலவரை எழுதியது:

வேந்தன் ஐயாவின் கோபம் நியாயம். ஆனால் முழுக்கச் சரியில்லை. நான் நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் வேலை செய்கிறேன். இறைத்துச் சுத்தம் செய்வதன் மிகச் சிறந்த எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஒஹாயோ மாநிலத்தின் ஃபெர்னால்ட். 1951இல் கட்டத் தொடங்கிய ஆலை. அணு ஆயுதத் திட்டத்துக்கான யுரேனிய உலோகத்தைச் செய்து கொடுத்தது. 1989இல் உற்பத்தி நின்றது. அடியில் கிரேட் மயாமி என்ற பெரிய நீர்ப்படுகை. முழுக்க மணலும் கூழாங்கல்லும், நீர் தாராளமாக ஓடும். இறைப்பதற்கு இதைவிடத் தோதான நிலம் கிடைக்காது. பணமும் குறைவில்லை. கட்டடங்கள், மண், கழிவு அனைத்தையும் 2006க்குள் முடித்தபோது செலவு சுமார் 440 கோடி டாலர். நிலத்தடி நீர் இறைப்பு 1993இல் தொடங்கியது. முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் பம்புகள் ஓடுகின்றன. மாசு பரவிய பரப்பு நன்றாகவே சுருங்கியிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கடைசி மிச்சம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இறைத்த நீரிலிருந்து யுரேனியத்தை எடுப்பது எளிது என்று ஐயா சொன்னது முழுக்க உண்மை. நிலத்திலிருந்து நீருக்குள் அதை வரவைப்பதுதான் கடினம். பம்பைப் பத்து மடங்கு ஆக்கினாலும் களிமண் பத்து மடங்கு வேகமாகக் கசியாது.

வேந்தன் எழுதியது:

ஃபெர்னால்டில் இலக்கு முதலில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம்தானே? 2001இல் அதை 30 ஆக்கினார்கள். எல்லைக் கோட்டை எட்ட முடியாவிட்டால் அந்தக் கோட்டையே நகர்த்துவது என்ன வகைச் சுத்தம்?

நிலவரை எழுதியது:

நகர்த்தினார்கள், உண்மை. தேசியக் குடிநீர் வரம்பு அப்போதுதான் 30 என்று முடிவானது, அதோடு பொருத்தினார்கள். உங்கள் பக்கத்துக்கு இன்னொரு செய்தியும் தருகிறேன். பழைய ஆலைகளுக்கான நிலத்தடி நீர் விதியில் யுரேனிய வரம்பு கதிரியக்க அளவில் சொல்லப்பட்டிருக்கிறது. எடையாக மாற்றினால் லிட்டருக்கு ஏறக்குறைய 44 மைக்ரோகிராம் வரும். அதாவது, விதிப்படி "முடிந்தது" என்று கையெழுத்திடக்கூடிய நீர், குடிநீர் வரம்பைத் தாண்டியும் இருக்கலாம். இளவேனில், "தரத்துக்குள் வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எந்தத் தரம் என்று கேளுங்கள்.

இளவேனில் எழுதியது:

இது எனக்குத் தெரியவே தெரியாது. மிக்க நன்றி. அப்படியென்றால் இயற்கைக் கழுவல் என்பது பொய்யா, மெய்யா? அண்ணன் வாங்க நினைக்கும் இடத்திலும் அதுதான் திட்டம் என்கிறார்கள்.

நிலவரை எழுதியது:

மெய்தான். ஆனால் காலக்கணக்கில் நாங்கள் தவறினோம். "நாங்கள்" என்று என் தொழிலைச் சேர்த்தே சொல்கிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் 300 பகுதி என்று ஒன்று உண்டு. கொலம்பியா ஆற்றின் கரையில் யுரேனிய எரிபொருள் கம்பிகள் செய்த இடம். தொண்ணூறுகளின் நடுவில், மூன்று முதல் பத்து ஆண்டுகளில் யுரேனியம் தானாக அளவுக்குள் வந்துவிடும் என்று கணக்கிட்டு முடிவெடுத்தார்கள். வரவில்லை. காரணம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஈரமண். ஆறு பெருகும்போது நிலத்தடி நீர் உயர்ந்து அந்த மண்ணைத் தொடும், அங்கே ஒட்டியிருக்கும் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கும். கணக்கு நீரைப் பார்த்தது, நீர் எப்போதாவது தொடும் மண்ணைப் பார்க்கவில்லை.

வயோமிங்கின் ரிவர்ட்டன் இன்னும் நெருக்கமான பாடம். 1958 முதல் 1963 வரை, ஐந்தே ஆண்டுகள் ஓடிய ஆலை. கழிவை எண்பதுகளின் இறுதியில் அள்ளி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீருக்கு இயற்கைக் கழுவல், 100 ஆண்டுத் திட்டம். எண்களும் பொதுவாகக் கணித்தபடிதான் போய்க்கொண்டிருந்தன. 2010இல் லிட்டில் விண்ட் ஆற்றில் வெள்ளம் வந்தது. அடுத்த சுற்று மாதிரியில் ஆற்றோரக் கிணறுகள் சிலவற்றில் யுரேனியம் திடீரென்று உயர்ந்தது. வெள்ளம் மேல்மண்ணின் உப்புகளைக் கரைத்துக் கீழே தள்ளியிருந்தது.

அங்கே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1998இலேயே அப்பகுதி வீடுகளுக்கு வேறிடத்து நீரைக் குழாயில் கொண்டுவந்திருந்தார்கள். விண்ட் ரிவர் பழங்குடிப் பகுதி அது.

யாழினி எழுதியது:

பழங்குடிப் பகுதி என்ற சொல் வந்துவிட்டதால் எழுதுகிறேன். இவ்வளவு நேரம் நீரைப் பற்றிப் பேசினோம், குடிப்பவர்களைப் பற்றிப் பேசவில்லை.

நவஹோ மக்களின் நிலத்தில் ஷிப்ராக், டியூபா சிட்டி, மானுமென்ட் வேலி, மெக்சிகன் ஹேட் என்று நான்கு பழைய ஆலைத்தளங்கள். ஷிப்ராக் ஆலை 1954 முதல் 1968 வரை ஓடியது. ஊருக்குள்ளேயே, சான் ஹுவான் ஆற்றுக்கு மேலே ஒரு திட்டில் கழிவை மூடி வைத்திருக்கிறார்கள். 2003 முதல் மாசு நீரை இறைத்து 11 ஏக்கர் குளத்தில் வெயிலில் ஆவியாக்கினார்கள். நீரே அரிதான நாட்டில் நீரை ஆவியாக விடுவதற்கு ஒரு குளம் வெட்ட வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. டியூபா சிட்டியில் 2002 முதல் நீரைக் காய்ச்சி வடித்து நிலத்துக்கே திருப்பி அனுப்பும் ஆலையைக் கட்டினார்கள். மருந்துக்கடை வடிநீர் செய்வதுபோல ஒரு நீர்ப்படுகையையே வடிப்பது என்றால் அதற்கு ஆகும் எரிசக்தியை நினைத்துப் பாருங்கள்.

1979 ஜூலை 16இல் நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் ஆலைக் கழிவு அணை உடைந்து, 1,100 டன் திடக்கழிவும் 9.4 கோடி கேலன் அமில நீரும் பியூர்க்கோ ஆற்றில் பாய்ந்தன. அந்த ஆற்றில்தான் ஆடுகள் நீர் குடித்தன. "இந்த நீரைக் குடிக்காதே" என்று பலகை வைப்பதை விதிப்புத்தகம் நிர்வாகக் கட்டுப்பாடு என்கிறது. வேறு நீர் கொடுக்காமல் பலகை மட்டும் வைத்தால், மாசுபடுத்தியவரின் சுமை தாகமெடுத்தவரின் தலையில் ஏறுகிறது.

தாதுமணல் எழுதியது:

யாழினி சொன்னதில் ஒரு வரியும் மறுக்க மாட்டேன்.

வேந்தன் ஐயாவுக்கு: இறைப்பதற்கும் காத்திருப்பதற்கும் நடுவில் மூன்றாவது வழியும் முயன்றார்கள். யுரேனியத்தை வெளியே இழுக்காமல் அங்கேயே கல்லாக்குவது. கொலராடோவின் ரைஃபிளில் 2002இல் நிலத்துக்குள் அசிட்டேட் செலுத்தினார்கள். வினிகரின் உறவுக்காரப் பொருள்தான். ஜியோபாக்டர் என்ற நுண்ணுயிரிகள் அதைத் தின்று பெருகி, கரைந்த +6 யுரேனியத்தை +4 ஆக்கிப் படியவைத்தன. சில வாரங்களில் எண்கள் இறங்கின. எங்கள் துறையில் எல்லோருக்கும் அன்று பெரிய நம்பிக்கை. பிறகு ஜியோபாக்டர் பயன்படுத்திய இரும்பு தீர்ந்ததும் சல்பேட்டை உண்ணும் வேறு நுண்ணுயிரிகள் தலையெடுத்தன. யுரேனியம் மறுபடி ஏறியது. தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆக்சிஜன் திரும்பி வந்தால் படிந்ததும் கரையும்.

யூட்டாவின் மான்டிசெல்லோவில் 1999இல் நீர் ஓடும் பாதையின் குறுக்கே இரும்புத் துகள் நிரப்பிய சுவரைப் புதைத்தார்கள். இரும்பு யுரேனியத்தை அருமையாகப் பிடித்தது. ஆனால் கூடவே சுண்ணாம்பும் படிந்து சுவரை அடைத்தது. அடைபட்ட நீர் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. ஹான்ஃபோர்டில் பாஸ்பேட்டைச் செலுத்தி, யுரேனியத்தை எளிதில் கரையாத பாஸ்பேட் கனிமமாக மாற்றவும் பார்த்தார்கள். எனக்கு இதில்தான் கொஞ்சம் அதிக நம்பிக்கை. அந்தக் கனிமத்துக்கு ஆக்சிஜன் வந்தாலும் பெரிய பயமில்லை.

ஒன்றும் வீணில்லை, ஒன்றும் முழுமையில்லை. மாட்டுக்குப் போட்ட மூக்கணாங்கயிறுபோல, பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான்.

வேந்தன் எழுதியது:

ரைஃபிள் செய்தி எனக்குப் புதிது. "என்ன கிழித்தார்கள்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். யூட்டாவின் மோவாபில் 1 கோடியே 60 லட்சம் டன் ஆலைக் கழிவு கொலராடோ ஆற்றங்கரையில் கிடந்தது. அதை முப்பது மைல் தள்ளி ரயிலில் கொண்டுபோகும் வேலையை 2009இல்தான் தொடங்கினார்கள். ஆலை மூடியது 1984இல். இருபத்தைந்து ஆண்டுகள் அம்மோனியாவும் யுரேனியமும் அடியில் இறங்கிக்கொண்டே இருந்தன. தாமதித்த ஒவ்வோர் ஆண்டும் மண்ணில் சாயத்தை ஏற்றியது. வேதியியலின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள்.

தாதுமணல் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஃபெர்னால்டிலும் அதே கதைதான். வேலிக்கு வெளியே உள்ள கிணறுகளில் யுரேனியம் இருப்பது எண்பதுகளின் தொடக்கத்திலேயே உள்ளே தெரிந்திருந்தது, மக்களுக்கு 1984இல்தான் தெரியவந்தது. ஆலையின் பெயரில் தீவனம் என்றும் பொருள்படும் "ஃபீட்" இருந்ததாலும், நீர்த்தொட்டியில் ஒரு தீவன நிறுவனத்தின் சின்னம்போலச் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்டிருந்ததாலும் அங்கே கால்நடைத் தீவனம் செய்கிறார்கள் என்று சுற்றியிருந்தவர்கள் நம்பியிருந்தார்கள். வாடகை வீட்டுக் கிணற்று நீரைக் குடித்துவந்த ஒரு குடும்பத்தின் தாய்தான் பின்னால் அந்தப் போராட்டத்தின் முகமானார்.

கிணற்றடி எழுதியது:

இளவேனில் அம்மா, உங்கள் கேள்விக்கு வருவோம். வீட்டளவில் செய்ய வேண்டியவை. கண்காணிப்புக் கிணற்றின் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், அண்ணன் தன் கிணற்று நீரையே தனியாகப் பரிசோதிக்கட்டும். யுரேனியத்தோடு நைட்ரேட், சல்பேட், மாலிப்டினம், செலினியம், ஆர்செனிக் ஆகியவற்றையும் கேட்கச் சொல்லுங்கள். ஆலைக் கழிவில் இவையும் கூடவே வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நைட்ரேட்டை விடவே கூடாது.

கொதிக்கவைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீர்தான் ஆவியாகும், யுரேனியம் பாத்திரத்திலேயே இருக்கும், இன்னும் அடர்த்தியாக. ஆர்.ஓ. கருவியும் எதிர்மின் அயனிப் பிசினும் யுரேனியத்தைப் பிடிக்கும். ஆனால் காலாவதியான பிசினும் உடைந்த சவ்வும் சொல்லிவிட்டுச் செயலிழப்பதில்லை. முன்னே சொன்னேனே, பளிங்குபோலவே வரும். பரிசோதனை இல்லாத கருவி வெறும் ஆறுதல்தான்.

யுரேனியம் என்றதும் எல்லோரும் கதிரியக்கத்தை நினைக்கிறார்கள். குடிநீரில் இந்த அளவுகளில் முதலில் அடிபடுவது சிறுநீரகம், அதுவும் ஈயத்தைப்போல வேதி நஞ்சாக.

கடைசியாக, வீட்டுக் கிணற்றில் தோட்டத்துக்கென்று நிறைய இறைத்தால் அந்த இழுப்பே மாசு நீரைத் தன் பக்கம் திருப்பக்கூடும். ஊராட்சிக் குழாய் இணைப்பு அந்தத் தெருவில் உண்டா என்று கேளுங்கள்.

இளவேனில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டினேன். அவர் தளத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். மறைக்காமல் முழுப் பட்டியலையும் அனுப்பினார்கள், அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். அந்த 28 செப்டம்பர் மாதத்து எண். ஆறு வற்றி, நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த நேரம். அதே கிணற்றில் பனி உருகி ஆறு நிரம்பும் ஜூன் மாதத்து எண்கள் மூன்று ஆண்டுகளாக வரம்புக்கு மேலேதான் இருக்கின்றன. பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு அண்ணன் நீர்மட்டத்தையும் யுரேனியத்தையும் தாளில் கோடாக வரைந்தார். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன.

விற்பவர் பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை. அவர் கையில் இருந்தது அந்த ஒரு தாள்தான். அவரும் முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டுக் கிணற்று நீரைக் குடித்திருக்கிறார். அண்ணன் அந்தக் கோட்டுப் படத்தை அவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த வாரம் சிறுநீரகப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

தெருமுனைவரை குழாய் வந்திருக்கிறது, வீட்டுக்கு இழுக்க அறுபது மீட்டர் தோண்ட வேண்டும். அது முடியும்வரை வீட்டைப் பற்றிய பேச்சு இல்லை என்கிறார் அண்ணன்.

கிணற்றடி எழுதியது:

நல்லது அம்மா. குழாய் வந்தபின் அந்தப் பழைய கிணற்றைச் சும்மா மூடி போட்டு விட்டுவிட வேண்டாம். சிமெண்டுக் குழம்பால் அடிமுதல் நிரப்பி முறையாக அடைக்கச் சொல்லுங்கள். திறந்து கிடக்கும் கிணறு மேலேயிருக்கும் மாசைக் கீழடுக்குக்கு இறக்கும் குழாயாகிவிடும். அடைப்பதற்கு முன் ஜூனில் ஒரு மாதிரி எடுக்க முடிந்தால் எடுத்து, எண்ணை இங்கே போடுங்கள்.